கூரை இடுக்கில் துப்பாக்கி வைத்திருக்கும் சகோதரர்களுக்கு

பென்னாகரம், ஏரியூர், பாலக்கோடு, அரூர் ஆகிய பக்கங்களிலுள்ள காட்டோர ஊர்களில் குடியிருந்துகொண்டு, பாட்டன் விட்டுப்போனது என்றோ யாரோ செய்து கொடுத்தது என்றோ ஒரு நாட்டுத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக் கூரை இடுக்கிலும் வைக்கோற்போரிலும் மறைத்து வைத்திருந்து, ஆவணி புரட்டாசி மழை இறங்கி மண் நனைந்ததும் அதை வெளியே எடுத்துத் துடைக்கத் தொடங்கும் சகோதரர்களுக்கு, எழுபத்தைந்து வயதைக் கடந்துவிட்ட ஒரு கிழவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

உங்களில் ஒருவரையும் நான் பெயர் சொல்லி அழைக்கப் போவதில்லை. அழைத்தால் இது மடலாக இராது, புகார் மனுவாகிவிடும். உங்கள் தகப்பன்மாரில் பலரோடு ஒரே களத்தில் கேழ்வரகு அடித்தவன் நான். ஒரு ராத்திரியில் காட்டுப்பன்றிக் கூட்டம் புகுந்து கடலைக் கொல்லையை உழுதுவிட்டுப் போனால், காலையில் அந்த வரப்பின்மேல் நிற்கிறவனுடைய வயிறு எப்படி எரியும் என்பதையும் நான் அனுபவித்து அறிந்தவன். ஆகையால் நகரத்தில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு ஜீவகாருண்யம் பேசுகிற ஒருவன் எழுதுவதாக எண்ணி இதை மடித்து வைத்துவிடாதீர்கள். மழையையும் மருந்தையும் மானையும் பற்றி நான் கண்ணால் கண்ட ஒரு சம்பவம் அறுபது வருஷங்களாக என் நெஞ்சிலே கிடக்கிறது. அதைச் சொல்லாமல் போய்ச் சேர எனக்கு மனமில்லை.

1962-ஆம் வருஷம், ஐப்பசி மாதம். எனக்கு வயது பதின்மூன்று. தருமபுரி அப்போது தனி மாவட்டமாகவில்லை. 1965 அக்டோபர் 2-ஆம் தேதி வரையில் நாம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவர்கள். என் தாய்மாமனிடம் உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கொடுக்க 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. அந்த வகையைச் சேர்ந்த துப்பாக்கி அது. கொல்லையைக் காக்கக் கொடுத்த துப்பாக்கி காட்டுக்குள் போகலாகாது என்பது மாமனுக்கும் தெரியும்; ஆயினும் அக்காலத்தில் அது போயிற்று என்பதை மறைத்து நான் என்ன புண்ணியம் கட்டிக்கொள்ளப் போகிறேன்?

அந்தத் துப்பாக்கியை மாமன் பேணிய விதத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மருந்தை அவர் முற்றிக் காய்ந்த ஒரு சுரைக்குடுக்கையில் போட்டு, தக்கையடைத்து, தக்கையைச் சுற்றித் தேன்மெழுகு பூசி, அடுப்புப் புகை தொட்டும் தொடாமலும் படுகிற உயரத்தில், நெருப்புப் பொறி எட்டாத மூலையாகப் பார்த்துத் தொங்கவிட்டிருப்பார். மழைக்காலத்தில் அந்தக் குடுக்கையை அவர் இறக்கவே மாட்டார். யாராவது வற்புறுத்தினால், “மானம் மூடியிருக்கிறப்ப மருந்த நம்பாதீங்கப்பா, அது நம்மள ஏமாத்தும்” என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அது வெறும் பழமைப் பேச்சல்ல. பொட்டிலுப்பும் கந்தகமும் கரியும் கலந்தது கருமருந்து. இவற்றுள் கரி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. சுத்தமான பொட்டிலுப்பு அவ்வளவாக நீர் கோக்காது என்றாலும், கையால் காய்ச்சி எடுத்த உப்பிலே கறியுப்பும் வேறு பல உப்புகளும் கலந்தே இருக்குமாதலால், ஆகாயத்திலே மேகம் கூடினாலே அது கசியத் தொடங்கிவிடும். எருக்கங்கரியையும் கள்ளிக்கரியையும் சேர்த்து மருந்து கூட்டும் முறையைச் சுக்கிரநீதி என்னும் வடமொழி நூல் விவரிக்கிறது. அத்தனை பழக்கப்பட்ட பொருளாயிருந்தும், மழையிடமிருந்து அதைக் காக்கும் வழி மட்டும் மனிதனுக்கு நெடுங்காலம் கைகூடவில்லை. 1757 ஜூன் 23-ஆம் தேதி பிளாசிக் களத்தில் நடுப்பகலில் ஒரு பெருமழை கொட்டிற்று. கம்பெனிப் பட்டாளத்தார் தங்கள் மருந்தைத் தார்ப்பாயால் மூடிக் காத்துக்கொண்டார்கள், நவாபின் பீரங்கிகளுக்குரிய மருந்து நனைந்து வீணாயிற்று. ஒரு தேசத்தின் தலையெழுத்தை மாற்றிய காரணங்களுள் அந்த ஈரமும் ஒன்று. திரியால் சுட்ட காலத்தில் மழை திரியை அணைத்தது. சிக்கிமுக்கிக் கல்லால் சுட்ட காலத்தில் கிண்ணத்து மருந்தை நனைத்தது. பிறகு ஸ்காட்லாந்து தேசத்தில் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார், கிண்ணத்திலே பளிச்சென்று எழும் தீயைக் கண்டு பறவைகள் குண்டு வந்து சேருமுன் பறந்துவிடுகின்றனவே என்று வேட்டைக்காரனுக்குரிய வருத்தத்தோடு யோசித்து, அடித்தால் தீப்பற்றும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பொருத்தும் வழியைக் கண்டு 1807-இல் காப்புரிமை பெற்றார். நம் நாட்டுத் துப்பாக்கிக் குதிரைக்கடியில் வைக்கிற கேப்பு அந்த யோசனையின் சந்ததிதான். கேப்பு வந்ததும் மழைத் தொல்லை தீர்ந்துவிட்டதாக உலகம் நினைத்தது. பாதிதான் தீர்ந்தது, மீதிப் பாதியை அந்த ஐப்பசியிலே நான் பார்த்தேன்.

தீபாவளிக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் மான்கறிக்கு ஆசைப்பட்டு மாமனை விடாமல் நச்சரித்தார். விருந்தாளியின் மனம் கோணலாகாதே என்று மாமன் கடைசியில் இசைந்தார். தூறல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. குழல் வாயில் எண்ணெய்த் துணியைத் திணித்து, குதிரையை மற்றொரு துணியால் சுற்றி, சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு அவர் முன்னே போக, நானும் அந்த உறவினரும் பின்னே போனோம்.

மழைக்காடு வேட்டைக்காரனை எப்படி மயக்குகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆயினும் இதைப் படிக்கக்கூடிய மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சித்திரை வைகாசியில் அப்பளம் போல் நொறுங்கி மனிதனைக் காட்டிக்கொடுக்கிற சருகு, மழையில் நனைந்த பாய்போலக் கிடந்து காலடியை விழுங்கிக்கொள்கிறது. மரங்களெல்லாம் சொட்டிக்கொண்டே இருப்பதால், காதையே காவலாக நம்பியிருக்கும் மான் உள்காட்டில் நிற்க அஞ்சி வெட்டவெளிக்கு வந்து நிற்கிறது. குளம்புத் தடமோ எழுதிவைத்தது போல் விழுகிறது: தடத்துக்குள்ளே தூறல் குத்திய புள்ளிகள் இருந்தால் மான் மழைக்கு முன்னே போனது, ஓரம் கூர்மையாக நின்று, உள்ளே நீர் இப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தால் அது கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அன்று மாமன் குனிந்து விரலால் தொட்டுக் காட்டியது இரண்டாம் வகைத் தடம்.

சரிவுக்குக் கீழே, மூங்கில் புதர் ஓரத்தில், ஒரு கடமான் நின்றது. உடம்பெல்லாம் நனைந்து கறுத்து, காதுகளை மாத்திரம் முன்னும் பின்னுமாகத் திருப்பிக்கொண்டிருந்தது. மாமன் துணியை அவிழ்த்து, ஒரு மரத்தில் குழலைச் சார்த்தி, விசையை இழுத்தார். கேப்பு ‘டப்’ என்று வெடித்தது, அவ்வளவுதான். துப்பாக்கி பேசவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணி முடிக்கிற அளவுக்கு ஒரு மௌனம். மான் கேப்புச் சத்தத்துக்கே தலையைத் தூக்கிப் பக்கவாட்டில் திரும்பிவிட்டது. அதற்கப்புறம், யாரோ ஈரத்துணியைக் கல்லில் அறைந்தது போன்ற ஓசையுடன் குழல் வெண்புகையைக் கக்கிற்று. நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பட்டது. மான் விழவில்லை, முதுகை ஒருதரம் வளைத்துவிட்டு மூங்கிலுக்குள் புகுந்து போயிற்று.

ஓடினோம். முதல் இருபது அடிக்கு இலைமேல் ரத்தம் இருந்தது. அப்புறம் மழை பலத்தது. இலையிலிருந்த சிவப்பு எங்கள் கண்ணெதிரே வெளிறிக் கரைந்து மண்ணுக்குள் போய்விட்டது. கோடையாயிருந்தால் காய்ந்த ஒரு துளியைக் கொண்டும் மாமன் ஒரு மைல் தொடர்ந்திருப்பார். அன்று அவருடைய வித்தையெல்லாம் நீரோடு போயிற்று. இருட்டும் வரை தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம். வழியில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மூன்றாம் நாள் மழை வெறித்தது. வானத்திலே கழுகுகள் வட்டமிடுவதைப் பார்த்துவிட்டு மாமன் என்னை மட்டும் அழைத்துக்கொண்டு போனார். ஓர் ஓடைச் சரிவில் அது கிடந்தது. அதைச் சுற்றிலும் மண் குளம்பால் கீறிக் கிளறப்பட்டிருந்தது. எழப் பார்த்து, விழுந்து, மீண்டும் எழப் பார்த்த தடம் அது. தண்ணீருக்கு நாலு முழம் இருந்தது. அந்த நாலு முழத்தை அதனால் கடக்க முடியவில்லை. மாமன் மண்டியிட்டு அதன் வயிற்றுப் புறத்தைத் தடவினார். பிறகு என் கையைப் பிடித்து, அப்பால் விலாவில் ஓரிடத்தில் என் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். தோலுக்கடியில் ஒரு புளியங்கொட்டையைப் போல் அது நழுவிற்று. அதுதான் குண்டு. நனைந்த மருந்து அதை உடம்புக்குள் தள்ளிவிட்டு, மறுபக்கம் வெளியேற வலிவில்லாமல் தோலின்கீழ் நிறுத்திவிட்டது. ஒரு நொடியில் கொன்றிருக்க வேண்டியது, மூன்று நாள் எடுத்துக்கொண்டது.

சகோதரர்களே, நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்தக் கட்டைவிரல் அறிந்த செய்திதான். ஈரத்திலே நாட்டுத் துப்பாக்கி கொல்வதைக் காட்டிலும் காயப்படுத்துவதே அதிகம். அப்படிக் காயப்பட்டதை உங்கள் கையில் சேர்ப்பதற்கும் மழை விடுவதில்லை. உங்கள் வீட்டுச் சட்டியில் ஒரு மான் வேகிறதென்றால், அதற்கு முன்னே எத்தனை மான்கள் எந்தெந்த ஓடையில் கிடந்து அழுகின என்பதை நீங்கள் கணக்கில் வைப்பதில்லை. வைக்கவும் முடியாது, ஏனென்றால் ரத்தத்தடத்தை மழை அழித்துவிடுகிறது.

‘அது உங்கள் மாமன் காலத்துத் துப்பாக்கி, இன்றைக்கு நாங்கள் வைத்திருப்பது வேறு’ என்று சொல்வீர்கள். வேறுதான், அதைவிட மட்டமானது. என் மாமனுடைய துப்பாக்கியின் குழலாவது அதற்கென்றே செய்த இரும்பு. இன்று பட்டறைகளில் ரகசியமாகப் பண்ணிக் கொடுக்கிறவற்றில், தண்ணீர் போவதற்காகச் செய்த குழாயையே குழலாக்கியிருப்பதை நான் கண்டிருக்கிறேன். கேப்பு வெடித்தும் மருந்து பற்றாதபோது, ‘நமுத்துப் போயிற்று’ என்று எண்ணிக் குழலை முகத்துக்கு நேரே திருப்பிப் பார்க்கிற மனிதனுக்கு, நான் அன்று எண்ணிய அந்த ஒன்று, இரண்டு என்ற மௌனம் எமனாக முடியும். முதல் மருந்து வெடிக்கவில்லை என்று அதன்மேலேயே இன்னொரு மருந்தைக் கெட்டித்துச் சுட்டால் குழல் பிளந்து கையைக் கொண்டுபோகும். ஒரு கண்ணும் மூன்று விரலும் இழந்த ஒருவர் எங்கள் பக்கத்தில் இருந்தார். ஆஸ்பத்திரியில் பட்டாசு வெடித்ததாகச் சொல்லிவிட்டு, சாகும் வரையில் அந்தப் பொய்யையே காத்துக்கொண்டிருந்தார்.

நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ராத்திரியில் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. தூறலில் அந்த வெளிச்சம் திரைபோல் விரிந்து, புதருக்குப் பின்னால் மின்னுகிற இரண்டு கண்கள் யாருடையவை என்பதை மறைத்துவிடும். மழைக்காலத்து இரவொன்றில் சரயு நதிக்கரையிலே ஓசையை மட்டும் நம்பி அம்பெய்த தசரதன், யானை என்று நினைத்துத் தண்ணீர் மொள்ள வந்த ஒரு பிள்ளையைக் கொன்றான். இராமாயணத்தின் துயரமெல்லாம் அந்தக் குடத்து ஓசையிலிருந்துதான் புறப்படுகிறது. கூட வந்தவனையே விலங்கென்று எண்ணிச் சுட்டுவிட்ட செய்தியை நம் பத்திரிகைகளில் நான் ஒரு தடவையா படித்திருக்கிறேன்?

சட்டத்தைப் பற்றி நீளமாகப் பேச எனக்கு விருப்பமில்லை. பயமுறுத்துவது என் நோக்கமன்று. ஆனால் தெரியாமல் கெட்டுப்போகக் கூடாதே என்பதற்காகச் சொல்லிவைக்கிறேன். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-இல் வந்த திருத்தமும் சேர்ந்து, உரிமம் வாங்கி வேட்டையாடுகிற பழைய வழியை முற்றாக அடைத்துவிட்டன. 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும் 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டபின், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் காடுகளில் ஏறத்தாழ 1,190 சதுர கிலோமீட்டர் சரணாலயமாகிவிட்டது. உங்கள் பாட்டன் மாடு மேய்த்த காடு இன்று அதற்குள் இருக்கலாம். அங்கே ஒரு புள்ளிமானைச் சுட்டால் குறைந்தது 3 வருஷம், கூடினால் 7 வருஷம் சிறை. உரிமமில்லாத துப்பாக்கிக்கு ஆயுதச் சட்டப்படி தனி வழக்கு. சிறைக்குப் போகிறவன் ஒருவன். கோர்ட்டுக்கு அலைகிறவள் அவன் பெண்டாட்டி, அடமானம் போகிறது அரை ஏக்கர். இதை நான் இரண்டு குடும்பங்களில் நேரே கண்டேன்.

2023 பிப்ரவரியில் பாலாறு காவிரியோடு கலக்கிற அடிப்பாலாற்றில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ராத்திரியில் கர்நாடக வனத்துறையினர் சுட்டார்கள். வந்தவர்கள் மான் வேட்டைக்காரர்கள் என்றார்கள். மீன் பிடிக்கப் போனவர்கள் என்று ஊரார் கதறினார்கள். கோவிந்தப்பாடியைச் சேர்ந்த ஒருவருடைய உடல் ஆற்றிலே மிதந்தது. எது மெய் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? இருட்டும் துப்பாக்கியும் ஒன்றுசேர்ந்த இடத்தில் மெய்யைக் கண்டுபிடிப்பதற்கு முன்னே ஒரு வீட்டில் விளக்கு அணைந்துவிடுகிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் சொல்லியாக வேண்டும். காட்டோரத்தில் விதைக்கிறவன் பாதியைத் தனக்கும் பாதியை விலங்குக்குமாக விதைக்கிறான். நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்துவிட்டு அடுத்த போகம் வரை காத்திருக்கிறான். இந்த வயிற்றெரிச்சலில்தான் சிலர் வேலிக்கு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள்; 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட ஒரு வேலியில் மூன்று யானைகள் மாண்டு, இரண்டு குட்டிகள் தாயருகே நின்று தவித்ததை நாடே பார்த்தது. பயிர்ச் சேதத்துக்கு விரைவாகவும் நியாயமாகவும் ஈடு கிடைக்க வேண்டும் என்று உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன். ஆனால் ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுங்கள்: மழையில் நீங்கள் தடம் பார்த்துப் போகிற கடமான், உங்கள் கொல்லையிலே மேய்ந்த பன்றி அல்ல. பன்றியின் மேலுள்ள கோபத்தை மானிடம் தீர்த்துக்கொள்வதற்குப் பயிர்ப் பாதுகாப்பு என்று பெயரில்லை.

‘வேட்டை எங்கள் பரம்பரை’ என்று இளைஞர்கள் சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். பரம்பரையை நான் அலட்சியம் செய்கிறவன் அல்ல. நம் மாவட்டம் நடுகல்லுக்குப் பேர்போனது. தருமபுரி அகழ்வைப்பகத்திலே அவை வரிசையாக நிற்கின்றன. ஆநிரை காத்து மாண்டவனுக்குக் கல் இருக்கிறது, புலியோடு பொருதவனுக்குக் கல் இருக்கிறது. மானைக் கொன்று வந்தவனுக்கு நட்ட கல் ஒன்றை நான் இன்றுவரை கண்டதில்லை. துப்பாக்கியைக் கும்பிடுகிற பரம்பரைதான் வேண்டுமென்றால், இதே காவிரி பிறக்கிற குடகு நாட்டைப் பாருங்கள். அங்கே நடவு முடிந்த மழைக்காலத்தில், கைல்போத் என்ற பண்டிகையன்று, துப்பாக்கியையும் கத்தியையும் துடைத்துப் பூச்சூட்டி வழிபடுகிறார்கள்; பிறகு அந்தத் துப்பாக்கியால் தேங்காயைக் குறிவைத்துச் சுட்டுப் போட்டி நடத்துகிறார்கள். குறி தவறாத கைக்கு அங்கே மரியாதை இருக்கிறது. அந்தப் போட்டியில் ஒரு ஜீவனும் சாவதில்லை.

உங்களிடம் உள்ள உண்மையான செல்வம் துப்பாக்கியல்ல, தடம் அறியும் கண். வேட்டைக்கார எழுத்தாளர் கென்னத் ஆண்டர்சனின், 1954-இல் வெளியான முதல் நூலில், நம் பென்னாகரத்தை அடுத்த காடுகளில் அவர் சந்தித்த பைரா என்ற பூசாரிக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. நாட்டுத் துப்பாக்கியோடு திருட்டு வேட்டையாடிய மனிதன் அவன். அவனைப் பிடித்துக் கொடுக்காமல் தோழனாக்கிக்கொண்ட ஆண்டர்சன், காட்டைப் பற்றி அவனிடம் நிறையக் கற்றார். ஆயிரம் புத்தகம் படித்த துரைக்குப் பைராவிடத்தில் வேண்டியிருந்தது அவனுடைய கண்ணும் காதும். இன்று வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக மழையிலும் குளிரிலும் நடக்கிறவர்களில் பலர், இதே மலையோரக் குடிகளின் பிள்ளைகள். தடத்துக்குள் தூறல் குத்தியிருக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்கத் தெரிந்தவன் அவர்களிடையே இருப்பது, பத்துக் கருவிகள் இருப்பதற்குச் சமம். அவர்களுக்குக் கிடைக்கும் சம்பளம் போதாது, வேலை நிரந்தரமல்ல என்பது எனக்குத் தெரியாததன்று. அதை உயர்த்தித் தாருங்கள் என்று கேட்கிற மனுவில் என் கையெழுத்து முதலில் இருக்கும்.

என் மாமன் அந்த ஐப்பசிக்குப் பிறகு துப்பாக்கியை ஒரேயடியாகத் தூர எறிந்துவிட்டார் என்று சொன்னால் கதை அழகாயிருக்கும்; நடந்தது அப்படியல்ல. கொல்லையில் பரண்மேல் உட்கார்ந்து, குண்டில்லாத வெறும் மருந்தைக் கெட்டித்து வானத்தைப் பார்த்து வெடித்துப் பன்றியை விரட்டிக்கொண்டிருந்தார். காட்டுக்குள் மட்டும் அதைக் கொண்டுபோகவில்லை. அவர் காலமானபின் உரிமத்தோடு அதைக் காவல் நிலையத்தில் சேர்த்துவிட்டோம். ஒப்படைத்து வெளியே வரும்போது, என் அத்தை, அவரை மணந்த நாளிலிருந்து அடுப்பங்கரையில் தொங்கிய வெடிமருந்துக்கு அஞ்சி அஞ்சிச் சமைத்தவள், “இன்னைக்குத்தான் நிம்மதியா அடுப்ப மூட்டுவேன்” என்றாள்.

உரிமமில்லாத துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கில்லை என்று காவல்துறையும் வனத்துறையும் அவ்வப்போது நம் ஊர்களில் அறிவிக்கிறார்கள். கோயில் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு, ஊர்ப் பெரியவர் மூலமாகக் கொடுத்தவர்கள் உண்டு. அடுத்த முறை அப்படி அறிவிக்கும்போது, தனியாகப் போக அச்சமாக இருக்கிறவர்கள் என்னிடம் வாருங்கள். எந்த ஊர் என்று நான் கேட்க மாட்டேன். சாக்கோடு எடுத்து வாருங்கள். நானும் பக்கத்தில் வருகிறேன். மாமனுடைய சுரைக்குடுக்கை இன்னும் என் வீட்டில் இருக்கிறது. உள்ளே மருந்தில்லை, மெழுகின் மணம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதையும் உங்கள் துப்பாக்கிகளோடு சேர்த்து அந்த மேசைமேல் வைத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்துக் காட்டோரக் கிழவன்